வலது காலுக்கு ஒரு மீட்டர்

மாலை ஷிஃப்ட் விடும் நேரம். ஒரகடம் சந்திப்புக்கு முன்னால் ஏசியைப் போட்டுக்கொண்டு அசையாமல் நிற்கும் ஒரு சின்ன கார், மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோலைக் குடிக்கிறது. ஏசியை அணைத்தால் அது முக்கால் லிட்டருக்கும் கீழே இறங்கிவிடும். எஞ்சினையே அணைத்துவிட்டால் பூஜ்யம். பொதுவாக எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் அந்த எண் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தால் கை தானாகச் சாவியிடம் போகிறது. அந்த எண்ணைக் காட்டும் ஒரு சின்னக் கருவியையும், அதோடு சேர்ந்து வேலை செய்யும் செயலியையும் சில மாதங்களாகப் பயன்படுத்திவருகிறேன்.

கருவியின் பெயர் ஓ.பி.டி. ஸ்கேனர். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஒரு முனையில் 16 பின்கள். பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே, பானெட் திறக்கும் நெம்புகோலுக்குப் பக்கத்தில் அதற்கான சாக்கெட் இருக்கும். சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்கிறார்களே, அதே சாக்கெட். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இது கட்டாயம். நம் நாட்டில் 2013 ஏப்ரலிலிருந்து புதிய கார்களில் ஓ.பி.டி.-2 வந்துவிட்டது. ஆக, பத்து வருடப் பழைய காராக இருந்தாலும் உங்கள் காரில் இது இருக்கும். ஸ்கேனரைச் செருகி, ப்ளூடூத்தில் போனோடு இணைத்து, டார்க் ப்ரோ அல்லது கார் ஸ்கேனர் போன்ற ஒரு செயலியைத் திறந்தால், எஞ்சின் கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததில் கணிசமான பகுதி உங்களுக்கும் தெரியும்: சுழற்சி வேகம், கூலன்ட் வெப்பநிலை, உள்ளே போகும் காற்றின் அழுத்தம், இந்த நொடியில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்.

என் கார் பெட்ரோலில் ஓடும் கிராண்ட் ஐ10, 1.2 லிட்டர் எஞ்சின். இருங்காட்டுக்கோட்டையில் செய்தது. படப்பையிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போய்வருவதுதான் அதன் வாழ்க்கை. இந்தப் பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளியே வந்தபோது இருந்த சாலையல்ல இது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர்ஸ் என்று வரிசையாக வந்தன. இப்போது புதுக் கார்களை ஏற்றிய டிரெய்லர்களும், கம்பெனிப் பேருந்துகளும், கன்டெய்னர் லாரிகளும், இரண்டு சக்கரத்தில் ஷிஃப்டுக்கு ஓடும் பிள்ளைகளும் ஒரே சாலையில். நாட்டுக்கே கார் செய்து அனுப்பும் இடத்தில் வேலை பார்ப்பவரின் சம்பளத்தில் பெட்ரோல் ஒரு பெரிய துண்டை எடுத்துக்கொள்கிறது. லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும்போது அதை அளந்து பார்க்காமல் விடுவது நியாயமில்லை.

இந்தக் காருக்கு வாகனச் சோதனை அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ. சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 18.9 கிலோமீட்டர். எனக்குக் கிடைத்துவந்தது 14-ஐ ஒட்டி. நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் கோபம் தணியும். கூடத்துக்குள் உருளைகள் மேல் காரை ஏற்றி ஓட்டுகிறார்கள். மொத்தமே 1,180 விநாடி, பத்தரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். உச்ச வேகம் 90, சராசரி 32-ஐ ஒட்டி. ஏசி கிடையாது, எதிர்க்காற்று கிடையாது, வல்லம் அருகே திடீரென்று குறுக்கே திரும்பும் டிப்பர் லாரியும் கிடையாது. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட உதவும் எண் அது. நம் சாலைக்கான வாக்குறுதி அல்ல. இப்படிப்பட்ட சோதனைகளைச் செய்யும் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர், மத்திய அரசின் நாட்ரிப் திட்டத்தில் கட்டியது, நம் ஒரகடத்திலேயே இருக்கிறது. அதன் மதிலுக்கு வெளியே நிலைமை என்ன என்பதை நாமேதான் அளந்துகொள்ள வேண்டும்.

வாங்கும்போது கவனம் தேவை. இந்த ஸ்கேனர்களின் மூளை இ.எல்.எம். 327 என்ற சில்லு. கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் உருவாக்கியது. அதன் முதல் பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாததால் உலகம் முழுக்கப் போலிகள் பெருகிவிட்டன. அந்த நிறுவனமே 2022-ல் மூடப்பட்டுவிட்டது. முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைப்பவை எல்லாம் போலிச் சில்லுதான். அதிலும் சில நன்றாக வேலை செய்யும். பல, நாலைந்து அளவுகளை ஒரே நேரத்தில் கேட்டால் திணறி நின்றுவிடும். நான் முதலில் வாங்கிய மலிவான ஸ்கேனரில் ஆர்.பி.எம். முள் இரண்டு விநாடி தாமதமாகத்தான் நகர்ந்தது. காலை எடுத்த பிறகு எண் மாறினால் எதனால் மாறியது என்று தெரியாது, கற்றுக்கொள்ளவும் முடியாது. ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் ரூபாய் அளவில் உள்ளதை, திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்குங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் ப்ளூடூத் எல்.இ. வகைதானா என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய ப்ளூடூத் வகை ஐபோனோடு பேசாது.

செருகியதும் தெரியும் எண்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். பலரும் தவறவிடும் இடம் இதுதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். டேங்கிலிருந்து எவ்வளவு பெட்ரோல் போகிறது என்பதை ஸ்கேனர் நேரடியாக அளப்பதில்லை. காற்றின் அழுத்தம், வெப்பம், எஞ்சின் வேகம் ஆகியவற்றிலிருந்து எவ்வளவு காற்று உள்ளே போனது என்று செயலி கணக்கிடுகிறது. பிறகு அந்தக் காற்றை 14.7-ஆல் வகுக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும் என்பது பழைய, கலப்பில்லாத பெட்ரோலின் கணக்கு. இன்று பங்க்கில் நமக்குக் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. எத்தனாலுக்கு 9 கிராம் காற்றே போதும். கலவைக்கு ஏறக்குறைய 13.5. எனவே, செயலி தன் பாட்டில் 14.7-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் உண்மையில் செலவானதைவிட எட்டு விழுக்காடு குறைவாகக் காட்டும். நமக்கோ மைலேஜ் ஏறிவிட்டதாகச் சந்தோஷம்.

இதைத் திருத்த ஒரே வழி ஃபுல் டேங்க் கணக்கு. ஒரே பங்க், ஒரே பம்ப். நாசில் தானாக நிற்கும் முதல் சத்தத்தோடு நிறுத்தச் சொல்ல வேண்டும். "ரவுண்டா போட்டுடவா சார்?" என்று பையன் கேட்பான். "வேணாம்ப்பா, அப்படியே விடு" என்று சொல்லிவிடுங்கள். அந்த ரவுண்டில்தான் கணக்கு கெடும். அடுத்த தடவை நிரப்பும்போது பம்ப் காட்டும் லிட்டரையும் செயலி காட்டும் லிட்டரையும் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தைச் செயலியின் அமைப்பில் திருத்தினால் போதும். இரண்டு டேங்க் ஓட்டியதும் இரண்டும் ஒத்துப்போகத் தொடங்கும். அதற்கு முன்னால் எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

எத்தனால் பேச்சு வந்ததால் ஒன்று. இ20 பெட்ரோலால் மைலேஜ் குறைகிறதா என்பது ஆலைக் கேன்டீன்கள் வரை விவாதமாகிவிட்டது. 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 விழுக்காட்டுக்கு ஏற்பச் சரிசெய்த நான்கு சக்கர வாகனங்களில் 6 முதல் 7 விழுக்காடு வரை இழப்பு இருக்கலாம் என்று மதிப்பிட்டது. என் காரில் ஃப்யூயல் ட்ரிம் என்ற அளவு நான்கைந்து விழுக்காடு மேலேயே நிற்கிறது. கலவைக்கு ஈடுகட்ட எஞ்சின் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிக்கொள்கிறது என்று அர்த்தம். இந்த இழப்பை நாம் தடுக்க முடியாது. நம் கையில் இருப்பதைப் பார்ப்போம்.

நம் கையில் இருப்பதில் பெரியது பிரேக். ஆக்ஸிலரேட்டர்தான் பெட்ரோலைத் தின்கிறது என்று நினைக்கிறோம். செலவழித்துச் சேர்த்த வேகத்தைப் பிரேக்கில் சூடாக்கிக் காற்றில் விடுவதுதான் உண்மையான நஷ்டம். இரண்டு பேர் உட்கார்ந்த ஒரு சின்ன காரை 60-லிருந்து நிறுத்தி மறுபடி 60-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 20 மில்லி பெட்ரோல் ஆகும் என்று கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரண்டு ரூபாய். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் சிக்னல், வேகத்தடை, சர்வீஸ் ரோட்டிலிருந்து எட்டிப்பார்க்கும் லாரி என்று எத்தனை முறை பிரேக் போடுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். தூரத்தில் சிக்னல் சிவப்பாக இருப்பது தெரிந்தும் அதுவரை மிதித்துக்கொண்டே போய் நிற்பதில் எந்த லாபமும் இல்லை.

காலை முன்னதாகவே எடுத்துவிட்டால் என்ன ஆகிறது என்பதைச் செயலியில் பார்த்தது எனக்கு இந்தக் கருவி தந்த சிறந்த பாடம். ஃப்யூயல் சிஸ்டம் ஸ்டேட்டஸ் என்றொரு வரி உண்டு. சாதாரணமாக அதில் 'க்ளோஸ்டு லூப்' என்று இருக்கும். கியரிலேயே வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்ததும், ஒரு நொடியில் அது 'ஓப்பன் லூப்' என்று மாறி, வேகம் குறைவதையும் காரணமாகக் காட்டுகிறது. இன்ஜெக்டர்கள் பெட்ரோல் விடுவதை நிறுத்திவிட்டன. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. ஐடில் வேகத்தை நெருங்கும்போது மறுபடி க்ளோஸ்டு லூப், மறுபடி பெட்ரோல். மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் போட்டு உருட்டினால் மிச்சம் என்று நம்பும் ஓட்டுநர்கள் இந்த ஒரு வரியைப் பார்க்க வேண்டும். நியூட்ரலில் எஞ்சின் தன்னைச் சுற்றிக்கொள்ளப் பெட்ரோல் குடிக்கும், கியரில் குடிக்காது. நியூட்ரலில் கார் கட்டுப்பாட்டில் நிற்காது என்பது அதைவிட முக்கியம்.

வேகத்தைப் பற்றி எல்லாரும் சொல்வதை நானும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 60-லிருந்து 90-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. பூந்தமல்லிப் பக்கம் தேசிய நெடுஞ்சாலையில் 65, 70-ல் ஒரே சீராகப் போகும்போது என் கார் லிட்டருக்கு 20-ஐத் தாண்டுகிறது. 100-ஐ நெருங்கினால் 15, 16-க்கு விழுகிறது. இருபது கிலோமீட்டரை 70-ல் கடக்க 17 நிமிடம், 95-ல் கடக்கப் பதின்மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மிஞ்சிய அந்த நான்கு நிமிடத்தையும் அடுத்த சிக்னல் வாங்கிக்கொள்கிறது.

கருவி மைலேஜைக் கூட்டும் இன்னொரு வழி, கோளாறு கண்டுபிடிப்பது. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். லிட்டருக்குப் பத்து, பதினொரு கிலோமீட்டருக்கு மேல் அது கொடுக்கவில்லை. ஸ்கேனரை மாட்டி நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் ஓட்டினோம். கூலன்ட் வெப்பநிலை 70-ஐத் தொடவே இல்லை. நல்ல எஞ்சினில் அது 90-ஐ ஒட்டி நிற்க வேண்டும். அவருடைய மெக்கானிக்கைக் கேட்டபோது சாதாரணமாகச் சொன்னார்: "நம்ம ஊரு வெயிலுக்கு வால்வு எதுக்குண்ணே? ஹீட் ஆயிரும்னு நான்தான் கழட்டி விட்டேன்." தெர்மோஸ்டாட் வால்வு இல்லாத எஞ்சின் ஓடும்போது சூடேறவே ஏறாது. இன்னும் குளிராக இருக்கிறோம் என்று நினைத்துக் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். எண்ணெயும் கெட்டியாகவே இருந்து உராய்வைக் கூட்டும். புது வால்வு போட்ட பிறகு வெப்பநிலை 88-ல் நின்றது, மைலேஜ் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கூடியது. இந்த வழக்கம் நம் பக்கத்தில் பல பட்டறைகளில் உண்டு. வால்வைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள். கார் சூடாகிறது என்றால் ரேடியேட்டரையோ ஃபேனையோ பார்க்கச் சொல்லுங்கள்.

ஏர் ஃபில்டர் பற்றி ஒரு திருத்தம். அடைத்துக்கொண்டால் மைலேஜ் விழும் என்பது கார்புரேட்டர் காலத்து உண்மை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-ல் சோதித்தபோது, இன்றைய பெட்ரோல் கார்களில் அதனால் மைலேஜ் மாறுவதில்லை, இழுவைதான் குறைகிறது என்று தெரிந்தது. கம்ப்யூட்டர் காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. லாரிப் புழுதி பறக்கும் நம் சாலையில் எஞ்சின் ஆயுளுக்காக ஃபில்டரை நேரத்துக்கு மாற்றத்தான் வேண்டும். மைலேஜுக்காக மாதம் ஒரு தடவை மாற்றச் செலவழிக்க வேண்டாம்.

இனி, ஸ்கேனருக்குக் கண் தெரியாத இடம்: டயர் காற்று. என் காரைப் போன்ற கார்களில் ஓ.பி.டி. வழியாக அது தெரியாது. ஒரு பி.எஸ்.ஐ. குறைவது மைலேஜில் சிறு துளிதான், 0.2 விழுக்காடு அளவு என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ஆனால் நம்மில் பலர் எட்டு, பத்து பி.எஸ்.ஐ. குறைவாக மாதக்கணக்கில் ஓட்டுகிறோம். டயரின் ஓரங்கள் தேய்ந்து போவது அதைவிடப் பெரிய செலவு. ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஜே.கே., சியட் என்று டயர் ஆலைகள் சூழ்ந்த வட்டாரத்தில் இருந்துகொண்டு காற்றில்லாத டயரில் ஓட்டுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. காற்றைக் குளிர்ந்த டயரில் பார்க்க வேண்டும். மதிய வெயிலில் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பங்க்கில் அளந்தால் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடவே காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைவாகிவிடும். சில நூறு ரூபாய்க்கு நல்ல டிஜிட்டல் கேஜ் கிடைக்கிறது. ஓட்டுநர் கதவுப் பக்கச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை பி.எஸ்.ஐ. என்று இருக்கிறது. நைட்ரஜனுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான்.

ஸ்கேனரைத் தேடும்போது அதே சாக்கெட்டில் செருகும் இன்னொரு பொருளும் கண்ணில் படும். "பெட்ரோல் சேவர், 15 முதல் 35 விழுக்காடு மிச்சம்" என்ற வாசகத்தோடு. வாங்கவே வாங்காதீர்கள். அவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது விளக்கைச் சிமிட்ட வைக்கும் சுற்று மட்டுமே. பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தமும் அப்படியே. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை நூற்றுக்கும் மேற்பட்ட இத்தகைய மிச்சக் கருவிகளைப் பரிசீலித்தும், மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டிய ஒன்றையும் காணவில்லை.

குறைகளும் உண்டு. அந்தச் சாக்கெட்டில் எப்போதும் பேட்டரி மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். தானாகத் தூங்கிப்போகும் வசதி இல்லாத ஸ்கேனரைச் செருகியபடி ஊருக்குப் போய்விட்டு வந்தால் கார் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். ப்ளூடூத்தின் ரகசிய எண் பெரும்பாலும் 1234. பொது பார்க்கிங்கில் மாட்டியபடி விடாமல் கழற்றிவைப்பது நல்லது. வேறொரு பெரிய ஆபத்து, ஓட்டும்போது திரையைப் பார்க்கத் தூண்டுவது. நம் சாலையோரத்தில் இரவில் பின்விளக்கோ ரிஃப்ளெக்டரோ இல்லாமல் நிற்கும் டிரெய்லர்களை நினைத்துக்கொள்ளுங்கள். போனைக் கண்மட்டத்தில் ஸ்டாண்டில் வைத்து, ஒரே ஒரு எண்ணைப் பெரிதாக வைத்துக்கொண்டு, மீதியைச் செயலி பதிவு செய்யட்டும் என்று விட்டு வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதுதான் சரி. மிச்சம் பிடிக்க லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதை எந்த மைலேஜும் நியாயப்படுத்தாது.

கணக்குக்கு வருவோம். நாளுக்கு 50 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 1,250 கிலோமீட்டர். லிட்டருக்கு 14 என்றால் 89 லிட்டர் ஆகும். 16 என்றால் 78. மாதம் 11 லிட்டர், ஆயிரம் ரூபாய்க்கு மேல். எனக்கு 14 இப்போது 16-ஐ ஒட்டி வந்திருக்கிறது. ஏசியை விட்டுக்கொடுக்கவில்லை. கம்பெனி பார்க்கிங்கில் வெயிலில் வெந்த காரின் கதவுகளைச் சற்று நேரம் திறந்துவைத்து அனலை விரட்டிவிட்டு ஏசி போடுகிறேன், அவ்வளவுதான். ஸ்கேனருக்கும் கேஜுக்கும் போட்ட பணம் மூன்று மாதத்துக்குள் திரும்பி வந்துவிடும். பெரிய மிச்சம் வேண்டுமென்றால் அதே ஷிஃப்டில் அதே பக்கம் போகும் இன்னொருவரை ஏற்றிக்கொள்வதுதான். செலவு பாதியாகும். அதற்கு ஈடான கருவியை யாரும் செய்துவிடவில்லை.

என் தீர்ப்பு: பெட்ரோல் காரில் மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர், பழைய கார் வைத்திருப்பவர், வாங்கப் போகிறவர் ஆகிய மூவருக்கும் நல்ல ஸ்கேனர் கட்டாயம் உதவும். வாரத்துக்கு ஒரு முறை கோவிலுக்கும் கடைக்கும் மட்டும் எடுப்பவருக்குத் தேவையில்லை. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினாலே போதும், ஆளுக்கு இரண்டு மாதம் வைத்துக்கொள்ளலாம். அதற்குள் கால் கற்றுக்கொண்டுவிடும். ஆனால் பணம் போடும் வரிசையில் டயர் கேஜ் முதலில், ஸ்கேனர் இரண்டாவது. நாளைக் காலை வண்டியை எடுப்பதற்கு முன்பே நான்கு டயரையும், மறக்காமல் ஸ்டெப்னியையும் பார்த்துவிடுங்கள்.